கரண்ட் பில்லுல பக்கத்து வீட்டுக் கணக்கு, எங்க வீட்ல தலைகீழா வேலை செய்யுது

ஈசூன் நாலறை:
சிங்கப்பூர் ஈசூன்ல நாலறை வீடு, நாங்க நாலு பேர். பில்லுல நம்ம வீடு எவ்ளோ, பக்கத்து வீடுங்க சராசரி எவ்ளோன்னு போடுறாங்கல்ல, போன மாசம் எங்களுது 310 யூனிட், சராசரி 400. சந்தோஷமா வீட்டுக்காரர்கிட்ட காட்டினேன், அங்கதான் தப்பு பண்ணேன். "அப்ப இன்னும் 90 யூனிட் நமக்குப் பாக்கி இருக்கு"ன்னு (யாரோ கோட்டா குடுத்த மாதிரி) 25ல இருந்த ஏர்கானை 20க்கு இறக்கிட்டு ராத்திரி பூரா போர்வை போத்திக்கிட்டுத் தூங்குறாரு. வேற யார் வீட்லயாச்சும் இப்படி ஆச்சா?

கோப்பிகடை சித்தப்பா:
சிரிக்காதம்மா, இதுக்கு ஆராய்ச்சியே இருக்கு. கலிஃபோர்னியால சான் மார்கோஸ்னு ஒரு ஊர்ல, வீட்டுக்கு வீடு கதவுல இதே மாதிரி கணக்கு எழுதின சீட்டு மாட்டிப் பாத்தாங்க, 2007ல வெளியாச்சு. நிறைய எரிச்சவங்க குறைச்சாங்க, கம்மியா எரிச்சவங்க உன் வீட்டுக்காரர் மாதிரியே ஏத்திட்டாங்க. அதே சீட்டுல கையால ஒரு சிரிச்ச மூஞ்சி வரைஞ்சு குடுத்த வீடுங்கள்ல அந்த ஏத்தம் வரல. வெறும் நம்பரைக் காட்டினா எல்லாரும் நடுவுக்கு வந்துடுறாங்க, நீ செய்றது நல்லதுன்னு யாராச்சும் சொல்லணும்.

பொங்கோல் காத்து:
சராசரியே எனக்கு நம்பிக்கை இல்ல அண்ணே. எங்க வீட்ல அப்பா அம்மா பகல் பூரா இருக்காங்க, எதிர் வீட்ல ஒரே ஆளு, அவரும் வேலைக்குப் போயிடுவாரு, ரெண்டையும் ஒண்ணா வச்சு என்னத்தைப் பாக்குறது? அமெரிக்காவுல ஓபவர்னு ஒரு கம்பெனி ஆறு லட்சம் வீட்டுல இந்த மாதிரி லெட்டர் குடுத்துப் பாத்ததுல கரண்ட் செலவு சராசரியா 2 சதவீதம்தான் குறைஞ்சுது. அதுக்கு 2024ல அரசாங்கம் கரண்ட், தண்ணி மிச்சம் பண்ற சாமான் வாங்கக் குடுத்த 300 வெள்ளி கிளைமேட் வவுச்சர்ல பழைய ஃபிரிட்ஜை மாத்தினது மேல்.

செங்காங் மருமக:
பில்லு சொன்னா யாரு கேக்குறா, ஆளு சொல்லணும். ஏர்கானைக் குறைங்கன்னு எங்க மாமியார்கிட்ட நான் ஒரு வருஷமா கத்தினேன். எட்டாவது மாடி மக்சிக் (மலாய் ஆன்ட்டி) லிஃப்ட்ல, "நான் ரெண்டு மணி நேரத்துக்கு டைமர் வச்சுட்டு அப்புறம் ஃபேன்தான்"னாங்க, அன்னிக்கு ராத்திரியே எங்க வீட்ல டைமர். மக்சிக் சொன்னதாலயான்னு கேட்டா, இல்லயாம், முதுகு வலியாம்.

கோப்பிகடை சித்தப்பா:
அதே கலிஃபோர்னியால அதையும் கேட்டாங்க. அக்கம்பக்கத்தைப் பாத்துக் குறைக்கிறோம்ங்கிறதைக் கடைசிக் காரணமாத்தான் சொன்னாங்க, ஆனா கணக்குப் பாத்தா அதுதான் முன்னால நின்னுச்சு. எல்லாருக்கும் முதுகு வலிதான் போல.

ஈசூன் நாலறை:
பில்லுல பேனாவால சிரிச்ச மூஞ்சி வரைஞ்சு ஃபிரிட்ஜ்ல ஒட்டிட்டேன். "இது யாரு, மூக்கே இல்ல"ன்னாரு. இப்ப 23ல நிக்குது.