பிளாக் பக்: 21 குண்டு, ஒரு குழி. தேவையான வேலையா, வீண் செலவா?

கணக்கன்:
ஃபாக்லாந்து தீவுகளுக்காக பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய போரில், 1982 மே 1 விடிகாலையில், அர்ஜென்டினா பிடித்து வைத்திருந்த ஸ்டான்லி ஓடுபாதையில் ஒரு பிரிட்டிஷ் வல்கன் குண்டுவீச்சு விமானம் 21 குண்டு போட்டது. 'பிளாக் பக்' என்று பேர் வைத்த ஏழு வல்கன் பயணங்களில் அதுதான் முதல். அதை இன்னும் பெரிய சாதனையாகவே பேசிக்கொண்டிருக்கிறோம். கணக்கைப் பாருங்கள். அட்லாண்டிக் நடுவில் உள்ள அசென்ஷன் தீவிலிருந்து ஒரு வழிக்கே 6,000 கி.மீ.க்கு மேல். போய்வர ஏறக்குறைய 16 மணி நேரம். ஒரே ஒரு குண்டுவீச்சு விமானத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வானிலேயே எரிபொருள் கொடுக்கும் 11 விக்டர் டேங்கர் விமானங்கள் கிளம்பின. எரிந்தது சுமார் 10 லட்சம் லிட்டர். கிடைத்தது ஓடுபாதை நடுவில் ஒரு குழி. அதையும் அர்ஜென்டினாக்காரர்கள் மண்ணள்ளிப் போட்டு மூடிவிட்டார்கள். பகலில் ஓடுபாதை மேல் மண்மேடு குவித்து, வானிலிருந்து படம் எடுப்பவர்களுக்குக் குழி மாதிரி காட்டுவது, ராத்திரி அதை வாரித் தள்ளிவிட்டு ஹெர்குலிஸ் சரக்கு விமானத்தை இறக்குவது. ஜூன் 13 ராத்திரி வரை இது நடந்தது. இதற்குப் பேர் வெற்றியா?

பொறிவண்டு:
"ஒரே ஒரு குழி" என்று சிரிப்பவர்கள் யாரும் ஸ்கேலை எடுத்துக் கோடு போட்டுப் பார்ப்பதில்லை. ஓடுபாதை சுமார் 1,250 மீட்டர் நீளம், 45 மீட்டர் அகலம். வல்கன் அதன் மேல் நீளவாக்கில் பறக்கவில்லை, 35 டிகிரி சாய்வில் குறுக்கே வெட்டிப் போனது. குண்டுகளுக்கு நடுவே இடைவெளி 45 மீட்டர் சுமார். 21 குண்டு என்றால் 900 மீட்டர் நீளத்துக்கு ஒரு வரிசை. சாய்ந்த கோடு ஓடுபாதையைக் கடக்கும் தூரம் 80 மீட்டர்கூட வராது. அதற்குள் ஒன்று விழும், மிஞ்சிப்போனால் இரண்டு. ஆக, போட்ட திட்டமே ஒரு குழிக்குத்தான், 21 குழிக்கு இல்லை.

நீளவாக்கில் போயிருந்தால்? பக்கவாட்டில் 30 மீட்டர் பிசகினால் 21-ம் புல்லில் விழும். 10,000 அடியில், இருட்டில், ஹெச்2எஸ் ராடார் திரையில் கடற்கரை முனைகளைப் பிடித்து, அங்கிருந்து தூரம் கணக்கிட்டுக் குறிவைக்கும் ஏற்பாட்டில் 30 மீட்டர் பிசகு சர்வசாதாரணம். சாய்வாக வெட்டினால் முன்னே பின்னே 300, 400 மீட்டர் தப்பினாலும் ஏதோ ஒரு குண்டு தாரில் விழும்.

10,000 அடி ஏன் என்றும் கேட்பீர்கள். கடைசிக் கட்டத்தில் 300 அடிக்கு இறங்கி ஒளிந்து வந்தவர்கள் குண்டு போட மட்டும் மேலே ஏறினார்கள். 1,000 பவுண்டு குண்டுக்கு விழும் வேகம் வேண்டும். அந்த வேகத்தில்தான் தாரைத் துளைத்து உள்ளே போய் வெடித்து அடிமண்ணைத் தூக்கும்.

கணக்கன்:
ஜியாமெட்ரி சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொல்வது என் வாதத்துக்குத்தானே வலு சேர்க்கிறது? இத்தனை கஷ்டப்பட்டும் அதிகபட்சம் இரண்டு குழி என்றால் ஆயுதமே தப்பு. அதே நாள் காலையில் ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து சீ ஹாரியர் போர் விமானங்கள் அதே விமானத்தளத்தைத் தாக்கிவிட்டு ஒன்றுகூட விழாமல் திரும்பின. அந்த வேலையை அவர்களிடமே விட்டிருக்கலாம்.

நீலக்கடல்:
கணக்கன் சார், அன்றைக்கு நம்மவர்களின் இரண்டு விமானந்தாங்கிக் கப்பலிலும் சேர்த்து இருந்ததே 20 சீ ஹாரியர். மே 4-ல் தீவில் இருந்த இன்னொரு விமானத்தளமான கூஸ் கிரீனில் ஒன்று சுடப்பட்டது. மே 6-ல் மோசமான வானிலையில் இரண்டு காணாமல் போயின. கப்பற்படைக்கு வான் பாதுகாப்பே அந்த மிச்சம்தான். தினமும் ஓடுபாதைக்கு அனுப்பிப் பீரங்கி வாயில் கொடுக்க முடியுமா? தவிர, தாழப் பறந்து போடும் குண்டுக்கு வேகத்தடை இறக்கை இருக்கும், இல்லையென்றால் போட்ட விமானத்தையே வெடிப்பு பிடித்துவிடும். அந்த வேகத்தில் விழுவது தாரைச் சுரண்டும், தோண்டாது. பொறிவண்டு சொன்ன உயரக் கணக்கு இங்கேதான் வருகிறது.

ராடார்மணி:
குழியை விட்டுவிட்டு எரிபொருள் பக்கம் வாருங்கள், பாராட்டும் திட்டும் இரண்டும் அங்கேதான் இருக்கின்றன. வல்கனில் பறக்கும்போது எரிபொருள் வாங்கும் அமைப்பு பல வருஷமாகத் தூங்கிக் கிடந்தது. எரிபொருள் வாங்க மூக்கில் மாட்டும் புரோப் குழாய்க்கே பஞ்சம், காட்சிக்கு நிறுத்திய விமானத்திலிருந்துகூடக் கழற்றினார்கள். கடல் மேல் வழி கண்டுபிடிக்க விசி10 என்ற பெரிய விமானத்தின் நேவிகேஷன் கருவி. ராடாரைக் குழப்பும் கருவி பக்கனீர் என்ற தாக்குதல் விமானத்திலிருந்து எடுத்தது. அதைத் தொங்கவிட்டது எங்கே தெரியுமா? கைவிடப்பட்ட ஸ்கைபோல்ட் ஏவுகணைக்காக இறக்கையில் எப்போதோ வைத்திருந்த பிடிமானத்தில். ஒட்டுப்போட்ட சட்டைதான், ஆனால் கிழியவில்லை.

திட்டமிட்டதைவிட எரிபொருள் அதிகம் குடித்ததற்குக் காரணங்கள் சாதாரணமானவை. அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றிக் கிளம்பியது ஒன்று. விக்டருக்குச் சௌகரியமான உயரமும் வேகமும் வல்கனுக்கு ஒத்துவராது, இரண்டும் நடுவில் சமரசம் செய்துகொண்டு பறந்தன என்பது இன்னொன்று. முதல் வல்கன் கேபின் ஜன்னல் சரியாக மூடாமல் காற்றழுத்தம் நிற்காமல் கிளம்பிய கையோடு திரும்பியது. மாற்றாக வந்த விமானி மார்ட்டின் விதர்ஸின் வல்கன், எக்ஸ்எம்607 தான் கடைசிவரை போனது.

ஒரு டேங்கரிலிருந்து இன்னொரு டேங்கருக்கு எரிபொருள் மாற்றும் கடைசிக் கட்டம் மின்னல் மேகத்துக்குள் நடந்தது. எரிபொருள் வாங்க வந்த விக்டரின் புரோப் முனை உடைந்தது. கொடுத்துக்கொண்டிருந்த விக்டரின் விமானி பாப் டக்ஸ்ஃபோர்டு கொடுத்ததைத் திரும்ப வாங்கி, அவரே முன்னே போனார். உடைந்த முனை, டேங்கரின் குழாய் நுனியில் புரோப் நுழையும் கூடையில் சிக்கியிருக்குமோ என்று சந்தேகம். வல்கன் கொஞ்சம் வாங்கிப் பார்த்து உறுதி செய்த பிறகே தொடர்ந்தார்கள். தான் ஊர் திரும்பப் போதாது என்று தெரிந்தே டக்ஸ்ஃபோர்டு அள்ளிக் கொடுத்தார். அப்போதும் வல்கனுக்குக் குறைவுதான். குண்டு விழுந்ததற்கான 'சூப்பர்ஃபியூஸ்' என்ற சொல் வரும்வரை டக்ஸ்ஃபோர்டு ரேடியோவைத் தொடவில்லை. அதற்கப்புறம்தான் தனக்கு ஒரு டேங்கர் கேட்டார்.

கணக்கன்:
அந்த மனிதர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. வீரம் வேறு, பலன் வேறு. ஒரு புரோப் முனை உடைந்ததற்கே மொத்தத் திட்டமும் ஊசலாடியது என்றால் அது திட்டத்தின் பலவீனம். அடுத்ததைப் பாருங்கள். இரண்டாம் பயணத்தில் ஒன்றுகூட ஓடுபாதையில் விழவில்லை. மூன்றும் நான்கும் ரத்து. ஏழாவதில், குண்டு எப்போது வெடிக்கும் என்பதைத் தீர்மானிக்கும் ஃபியூஸைத் தப்பாக வைத்து, காற்றில் வெடிக்க வேண்டிய குண்டுகள் தரையில் மோதித்தான் வெடித்தன!

பொறிவண்டு:
ஏழுக்கு என்னிடம் பதில் இல்லை, அது வெறும் அலட்சியம். இரண்டாவது வேறு கதை. அந்தக் குண்டுகள் மேற்கு முனையைத் தாண்டி விழுந்தன. ஓடுபாதையை நீட்டுவதென்றால் அந்தப் பக்கமும் வேண்டும். 1,250 மீட்டரில் ஹெர்குலிஸ் இறங்கும், சிறிய தாக்குதல் விமானங்களான புகாரா இறங்கும், மாக்கி இறங்கும். மே 21-ல் பிரிட்டனின் ஆர்கோனாட் கப்பலைத் தாக்கிய மாக்கி ஸ்டான்லியிலிருந்துதான் வந்தது. கப்பல்களைத் தாக்கிய வேகமான ஜெட்களான ஸ்கைஹாக்கும் சூப்பர் எத்தாந்தாரும் முழுச் சுமையோடு அங்கிருந்து கிளம்பியிருந்தால் போர் வேறு மாதிரி போயிருக்கும். கடைசிவரை அவை ரியோ கிராண்டே போன்ற பெருநிலத் தளங்களிலிருந்தே வரவேண்டியிருந்தது.

கணக்கன்:
நீட்ட முடியாமல் போனதற்குக் காரணம் அந்தக் குழிகளா, இல்லை சாமான் கொண்டுவரக் கப்பல் போக முடியாததா? கடலடியில் பிரிட்டனின் அணுசக்தி நீர்மூழ்கி சுற்றிக்கொண்டிருந்ததே. மே 2-ல் அர்ஜென்டினாவின் பெல்கிரானோ போர்க்கப்பல் மூழ்கியதும் அவர்கள் கடற்படை கரையோடு ஒதுங்கிக்கொண்டது. அந்தப் பெருமையை வல்கன் கணக்கில் எழுதாதீர்கள்.

நீலக்கடல்:
அதே போல "வல்கனுக்குப் பயந்து அர்ஜென்டினாக்காரர்கள் தங்கள் மிராஜ் போர் விமானங்களைத் தலைநகர் புவெனஸ் அயர்ஸ் காவலுக்கு இழுத்துக்கொண்டார்கள்" என்பதையும் நான் முழுசாக நம்பவில்லை. மிராஜ் 3-க்கு வானில் எரிபொருள் வாங்கும் வசதி கிடையாது, தீவின் மேல் நிற்க முடிந்தது சில நிமிஷம். மே 1-லேயே இரண்டு போயின, அதில் ஒன்று சொந்தப் பீரங்கி சுட்டே விழுந்தது. அதற்கப்புறம் அனுப்பத் தயங்கியதற்கு அதுவே போதும். காவலுக்குச் சில விமானம் ஒதுக்கியிருக்கலாம், ஆனால் அதுதான் முழுக் காரணம் என்பது பிரிட்டன் தரப்புக்கு வசதியான விளக்கம்.

ராடார்மணி:
மிராஜ் விஷயத்தில் உங்கள் பக்கம். ஆனால் ராடார் அலையைத் தேடிப்போய் அடிக்கும் ஷ்ரைக் ஏவுகணையோடு வல்கன் போன பயணங்களை ஏன் யாரும் தொடவில்லை? ஜூன் 3-ல் ஆறாவது பயணம், விமான எதிர்ப்புப் பீரங்கிக்குக் குறி காட்டும் ஒரு ஸ்கைகார்டு ராடார் ஒழிந்தது, அதை இயக்கிய 4 பேர் இறந்தார்கள். பெரிய ராடாரை அணைத்து வைத்துவிட்டார்கள், வல்கன் தாழ இறங்கி ஆசை காட்டிய பிறகே ஸ்கைகார்டு உயிர் பெற்றது. திரும்பும் வழியில் புரோப் உடைந்து ரியோ டி ஜெனிரோவில் இறங்க வேண்டியதாயிற்று. ஒரு ஷ்ரைக் கழலாமல் இறக்கையிலேயே தொங்கியது. பிரேசில் விமானத்தைக் கொடுத்தது, ஏவுகணையைக் கொடுக்கவில்லை. ராடார்காரன் சுவிட்சைத் தொடவே யோசிக்கிறான் என்றால் அதுவும் பலன்தான்.

கணக்கன்:
யோசித்தான், ஆனால் ஹெர்குலிஸ் நிற்கவில்லையே. கப்பலைத் தாக்கும் எக்ஸோசெட் ஏவுகணையை, கரையிலிருந்து ஏவும் வகையில், ஸ்டான்லிக்குக் கொண்டுவந்ததே ஹெர்குலிஸ்தான், நீங்கள் குழி போட்ட அதே ஓடுபாதையில். ஜூன் 12 விடிகாலையில் அது பிரிட்டனின் கிளாமோர்கன் கப்பலில் பாய்ந்து 14 பேர் போனார்கள். ஏழாவது பயணம் நடந்ததும் அதே ஜூன் 12. ஓடுபாதையை மூட முடிந்ததா என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பொறிவண்டு:
மூடியது என்று நான் எங்கேயும் எழுதவில்லை. மேலே போய்ப் படியுங்கள், ஹெர்குலிஸ் இறங்கும் என்று நானே சொன்னேன். ஸ்கைஹாக் மாதிரி வேகமான ஜெட் இறங்கியதா? அதைச் சொல்லுங்கள். அங்கே பிரிட்டனின் ஃபேன்டம் போர் விமானம் இறங்கியது போர் முடிந்த பிறகு அக்டோபரில், அதுவும் பிரிட்டன்காரர்களே உலோகப் பலகை விரித்து நீட்டிய பிறகு.