வெல்ஷ் மொழியின் முன்னிடைச்சொற்களைத் தமிழ் வழியே அணுகுங்கள்

வேல்ஸுக்குப் புதிதாக வந்து, பிள்ளைகளை வெல்ஷ் வழிப் பள்ளியில் சேர்த்துவிட்டுத் தாங்களும் அம்மொழியைக் கற்கத் தொடங்கும் பெற்றோர், முன்னிடைச்சொற்கள் (பெயருக்கு முன்னால் நின்று நம் வேற்றுமை உருபின் வேலையைச் செய்யும் சொற்கள்) உருமாறும் பாடத்தில் திகைத்து நிற்பது வழக்கம். அதை ஆங்கிலத்தின் வழியே விளங்கிக்கொள்ள முயல்வதே பெருந்தடை என்பது என் உறுதியான கருத்து.

‘மேல்’ என்று பொருள்படும் ‘அர்’ என்ற சொல் மேசை, சாலை போன்ற பெயர்களுக்கு முன்னால் மாறுவதில்லை. பிரதிப்பெயர் வந்தால் அந்தச் சொல்லே உருமாறுகிறது: என்மேல் என்பதற்கு ‘அர்ன ஈ’, உன்மேல் ‘அர்னட் டீ’, அவன்மேல் ‘அர்னோ வே’, அவள்மேல் ‘அர்னி ஹீ’, எங்கள்மேல் ‘அர்னொன் நீ’. (இந்த ‘நீ’ முன்னிலை அன்று, தன்மைப் பன்மை, நம் காது எளிதில் ஏமாறும்.) தமிழில் உருபேற்கும்போது ‘நான்’ என்பது ‘என்’ ஆகிறது, வெல்ஷிலோ உருபின் வேலையைச் செய்யும் சொல் மாறுகிறது.

ஆணுக்கு ஓகாரமும் பெண்ணுக்கு இகரமும் வரும் முறை ஏனைய சொற்களிலும் தொடர்கிறது. ‘அவனுக்கு’ என்பது ‘இதோ வே’, ‘அவளுக்கு’ என்பது ‘இதி ஹீ’. இவற்றிலுள்ள தகரத்தை ‘அது’ என்பதில் ஒலிப்பது போலவே மென்மையாக ஒலித்தால் போதும். நாம் தடுமாறும் இடம் அஃறிணைதான். வெல்ஷில் உயிரற்றவற்றுக்கும் பால் உண்டு. மேசை ஆண்பால், நாற்காலி பெண்பால். ஆகவே நாற்காலியைச் சுட்டி ‘அதன்மேல்’ என்று சொல்ல வேண்டுமானால் ‘அர்னி ஹீ’ என்றே சொல்ல வேண்டும். பெயரைப் படிக்கும்போதே பாலையும் சேர்த்துப் படிப்பதைத் தவிர இதற்குக் குறுக்குவழி இல்லை.

‘என்னிடம் கார் இருக்கிறது’ என்ற நம் வாக்கிய அமைப்பு வெல்ஷுக்கு மிக நெருக்கமானது, ஏனெனில் ஆங்கிலத்தில் உள்ளது போன்ற உடைமை வினை இரு மொழிகளிலும் இல்லை. வடக்கே ‘மை கென் ஈ கார்’ என்பார்கள். தெற்கே வழங்கும், ‘உடன்’ என்று பொருள்படும் ‘கடா’ உருமாறாது என்பதால் ‘மை கார் கடா வீ’ என்பார்கள். உடல்நலக் குறைவும் அச்சமும் பெரும்பாலும் ஒருவர் ‘மேல்’ இருப்பனவாகவே சொல்லப்படுகின்றன. மகளுக்குக் காய்ச்சல் என்று மருத்துவரிடம் சொல்ல ‘மை க்வ்ரெஸ் அர்னி ஹீ’ என்றால் போதும். அட்டவணையை மட்டும் மனப்பாடம் செய்யாமல், இத்தகைய முழு வாக்கியங்களைப் பிள்ளைகளின் பள்ளியில் வழங்கும் வட்டார வடிவிலேயே பழகிக்கொள்ளுங்கள்.