கூரை அங்கர் போல்ற் நட்டோட சேர்ந்து சுத்துது, சீற் பக்கம் எங்க பூட்டுறது? உதவி தேவை

வடமராட்சியான்

வல்வெட்டித்துறையில கடற்கரைக்குக் கிட்ட ஒரு மேல்மாடி வீடு. முன்பாதி பிளாற் (கொங்கிறீற் தட்டுக் கூரை), 5 அங்குலத் தடிப்பு. அதின்ர பின் ஓரத்திலிருந்து அமானோ சீற் (பூச்சுப் பூசின உலோகக் கூரைத் தகடு) சரிஞ்சு இறங்குது. சரிவு 20 பாகை அளவில, அகலம் 9 மீற்றர், பிளாற் ஓரத்திலிருந்து தாவாரம் வரைக்கும் சரிவில 4.3 மீற்றர். தாவாரம் நிலத்திலிருந்து 6.3 மீற்றர். சீற்றுக்கு மேல சோலர் பனல் 16. சோளகக் காத்து தொடங்கினால் உப்பும் புழுதியும் அப்பிப் போகும், அடிக்கடி ஏறிக் கழுவோணும். அதுக்காக, ஏறுற ஆள் விழாமல் கயிறு கொளுவ, வீட்டுக்காரர் நிரந்தரமா அங்கர் போட்டுத்தரக் கேட்கிறார்.

பிரச்சினை மூண்டு. பிளாற் ஓரத்தில 8 செ.மீ. உள்ளுக்கு நாலு எம்12 (12 மி.மீ.) போல்ற் கெமிக்கல் பசை விட்டு இறக்கியாச்சு, ஆழம் 110 மி.மீ. அடுத்த நாள் நட்டை முடுக்க ரெண்டு போல்ற் பசையோட சேர்ந்து சுத்துது. சீற் பக்கத்துக்கு அங்கர் எதில பூட்டுறதெண்டு தெரியேல்லை, சோலர் றெயிலில கொளுவினால் காணும் எண்டு ஒராள் சொல்லுறார். மூண்டாவது, றோப் கிறாப் (கயிறில ஓடி, இழுத்தால் கடிச்சுப் பிடிக்கிற பூட்டு) கயிறில பிடிக்குதில்லை, வழுக்கிக்கொண்டு வருது.

பீம்போல்ற்

சுத்துற ரெண்டும் சரி, சுத்தாத ரெண்டும் சரி, நாலையும் வெட்டி விடுங்கோ. ஒரே ஆள் ஒரே நாள் ஒரே பசையில இறக்கினது. பிடிச்ச மாதிரி இருக்கிற ரெண்டை நம்ப ஒரு காரணமும் இல்லை.

போல்ற் பசையோட சேர்ந்து சுத்துதெண்டால் பசை போல்ற்றில பிடிச்சிருக்கு, கொங்கிறீற்றில பிடிக்கேல்லை. பத்துக்கு ஒன்பது தரம் காரணம் தூசி. துளைக்குள்ள இருக்கிற சீமெந்து மாவில பசை ஒட்டும், மாவு சுவரில ஒட்டாது. வாயால ஊதினால் மாவு போகாது, எச்சில் ஈரம்தான் போகும். கைப்பம்பால அடியிலிருந்து ஊதி, துளைக்குப் பொருத்தமான கம்பித் தூரிகையால முறுக்கித் தேய்ச்சு, திரும்ப ஊதோணும். பெட்டியில எத்தினை தரம் எண்டு போட்டிருக்கோ அத்தினை தரம். எம்12 கம்பிக்கு 14 மி.மீ. பிற். 16 ஆல துளைச்சுப்போட்டுக் கூடப் பசை விட்டுச் சமாளிக்கிறது சரிவராது.

மற்றக் காரணங்கள்: பசை கலக்கிற புதுக் குழாயைப் பூட்டினதும் முதல் வாற பசை சரியாக் கலந்திராது, நிறம் ஒரே மாதிரி வரும்வரைக்கும் வெளியில தள்ளி எறியோணும். பசையை வாயிலிருந்து நிரப்பினால் அடியில காத்து அடைபடும், அடியிலிருந்து நிரப்பிக்கொண்டே குழாயை மேல எடுக்கோணும். இன்னொண்டு எங்கட வெய்யில். 30 பாகைக்கு மேல பசை சில நிமிசத்தில இறுகத் தொடங்கிவிடும். அதுக்குப் பிறகு கம்பியை அசைச்சால் பிடிப்பு உடைஞ்சுபோகும். தகரக் கொட்டிலுக்குள்ள மாதக்கணக்கில கிடந்து வெந்த ரியூப், திகதி முடிஞ்ச ரியூப், ரெண்டும் வேண்டாம்.

ஆனால் உங்கட இடத்தில பசை நல்லா இருந்திருந்தாலும் அது பிழைதான். 5 அங்குலமெண்டால் 125 மி.மீ. 110 மி.மீ. துளைச்சால் அடியில மிஞ்சிறது 15 மி.மீ. துளையின்ர அடிக்குக் கீழ ஆகக் குறைஞ்சது 30 மி.மீ. கொங்கிறீற் இருக்கோணும். ஓரமும் காணாது: முழுப் பலம் வேணுமெண்டால் ஆழத்தின்ர ஒண்டரை மடங்கு, அதாவது 165 மி.மீ., உள்ளுக்குப் போகோணும். 8 செ.மீ.இல ஒராள் விழுந்தால் போல்ற் கழராது, ஓரம் துண்டாப் பெயர்ந்து போல்ற்றோட வரும்.

வடமராட்சியான்

நன்றி அண்ணை. அப்ப 5 அங்குலப் பிளாற்றில அங்கரே போட ஏலாதோ?

பீம்போல்ற்

ஏலும், பசை இல்லாமல். ஓரத்திலிருந்து 50 செ.மீ. உள்ளுக்கு வந்து முழுக்கத் துளையுங்கோ. எம்12 கம்பி மேலயிருந்து கீழ வரட்டும், கீழ அறைக்கூரையில 150க்கு 150, 10 மி.மீ. தகடு, வொசர், ரெட்டை நட். அறைக்குள்ள தகடு தெரியும், வடிவில்லைத்தான், பெயின்ற் அடிச்சு விடலாம். துளைக்க முன்னம் கொங்கிறீற்றுக்குள்ள இருக்கிற கம்பி எங்க ஓடுதெண்டு பாருங்கோ; கம்பியை வெட்டி இறங்காமல் துளையைத் தள்ளுங்கோ. மேல்வாயில தண்ணி இறங்காமல் அடைக்க மறந்தால் ரெண்டு மாரியில கீழ்த் தகட்டைச் சுத்திக் கறை வரும்.

மேல வாற, கயிறு கொளுவிற கண், பாரம் தூக்கிற சாதாரண ஐ போல்ற்றா இருக்கக்கூடாது. அது நேரா மேல இழுக்கிறதுக்கு, பக்கவாட்டில இழுத்தால் வளையும். ஈஎன் 795 (அங்கருக்கான ஐரோப்பியத் தரம்) எண்டு பொறிச்ச அங்கர் கண் வாங்குங்கோ, அது 12 கிலோ நியூற்றன் பாரத்தை மூண்டு நிமிசம் தாங்கிக் காட்டினது, கிட்டத்தட்ட 1200 கிலோ. அமெரிக்க ஒழுங்கில ஒராளுக்கு 22 கிலோ நியூற்றன் வரை கேட்பினம். உலோகம் 316 ஸ்ரெயின்லெஸ். கல்வனைஸ் பண்ணினது உந்தக் கடற்காத்தில கன காலம் நிக்காது.

பிற்காலம் வேற இடத்தில பசை அங்கர் போட்டால் ஒவ்வொண்டையும் இழுவைமானியால 6 கிலோ நியூற்றனுக்கு 15 வினாடி இழுத்துப் பார்க்கோணும். ரெண்டு பேர் தொங்கிப் பார்க்கிறது சோதினை இல்லை.

சீற்கூரை

சோலர் றெயில் விசயம்: கொளுவவே கூடாது. றெயில் காத்து தூக்கிறதைப் பல கால்களுக்குப் பகிர்ந்து தாங்கத்தான் செய்தது. ஒரு இடத்தில திடீரெண்டு இழுத்தால் கிளாம்ப் வழுக்கும், கால் ஸ்குரூ பர்லினிலிருந்து (சீற்றைத் தாங்கிற குறுக்குச் சட்டம்) கழண்டு வரும், பனலும் ஆளோட சேர்ந்து இறங்கும். பீலி, தண்ணித் தாங்கிக் குழாய், புளொக் கல்லில கட்டின மொட்டைமாடி அரைச்சுவர், அன்ரெனாக் கம்பம், இதுகளும் அதே கணக்குத்தான். அரைச்சுவர் ஒண்டுதான் ஆக்களை ஏமாத்திறது, பார்க்கப் பலமா இருக்கும், அடியில கம்பி ஒண்டும் இராது.

சீற்றில அங்கர் தேவையே இல்லை உங்களுக்கு, பிளாற் மேல இருக்கு. மேல கொங்கிறீற் இல்லாத கூரையெண்டால் சீற்றுக்குள்ளால பர்லினைத் துளைச்சு உள்ளுக்குத் தகடு வைச்சுப் பூட்டோணும், அதுவும் ஒரு பர்லினில இல்லை, ரெண்டைப் பிடிக்கிற மாதிரி நீளத் தகடு. 0.47 மி.மீ. சீற்றில தனிய செல்ப் றில்லிங் ஸ்குரூ அடிச்சது அங்கர் இல்லை. ஸ்ரெயின்லெஸ்ஸும் அமானோவும் முட்டினால் உப்புக் காத்தில சீற் தான் அரிக்கும், நடுவில றப்பர் வொசர் போடுங்கோ. புளிச்ச மணம் வாற சிலிக்கன் பூசாதேங்கோ, அந்த அமிலம் நாகப் பூச்சைத் தின்னும்.

வீட்டில எங்கயாவது ஒளி வர வைச்ச பிளாஸ்ரிக் சீற் இருந்தால் சுத்திவர அடையாளம் போடுங்கோ. பழைய அஸ்பெஸ்ரஸ் மாதிரித்தான், கால் வைச்சால் நேரா வீட்டுக்குள்ள. பர்லினுக்குக் குறுக்க பலகை போட்டுத்தான் நடக்கோணும்.

கயிற்றுவேலை

எல்லாரும் அங்கரைக் கதைக்கிறியள், கயிறின்ர நீளம்தான் ஆளைக் காப்பாத்தும்.

2 மீற்றர் லான்யாட் (ஆளை அங்கரோட இணைக்கிற கயிறு), ஷொக் அப்சோபர் (விழேக்க விரிஞ்சு இழுவையைக் குறைக்கிறது) விரிய ஆகக் கூடினது 1.75, முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5, மிச்ச இடைவெளி 1. கூட்டினால் அங்கருக்குக் கீழ 6.25 மீற்றர் வெறுமையா இருக்கோணும். ஒற்றைத்தட்டு வீட்டில தாவாரம் 3 மீற்றர்தானே. அங்க உந்தச் சாமானைப் போட்டு ஓரத்தில விழுந்தால் அப்சோபர் விரிய முன்னமே நிலம் வந்திடும். உங்கட 6.3 மீற்றரும் சரியா விளிம்பில நிக்குது, கீழ மதில், தண்ணிப் பம்ப் ஏதும் இருந்தால் அதுவும் போச்சு. அதால விழுந்த பிறகு பிடிக்கிறதை விட்டுட்டு, ஓரத்துக்கே போகேலாத மாதிரிக் கட்டுங்கோ.

அங்கர் 50 செ.மீ. உள்ளுக்கு வந்தால் அங்கரிலிருந்து தாவாரம் 4.8 மீற்றர். கொக்கியிலிருந்து உடம்பு வளையம் வரைக்கும் எல்லாம் சேர்த்து 4.2இல முடிச்சுப்போட்டு நிப்பாட்டினால் தாவாரம் எட்டாது. இதுவரைக்கும் எல்லாரும் செய்வினம். பக்க ஓரத்தை மறப்பினம். ரெண்டு அங்கரையும் இடமும் வலமும் ஓரத்திலிருந்து 2.5 மீற்றரில வைச்சால், அதே 4.2 மீற்றர்க் கயிறோட ஒராள் இடப்பக்க ஓரத்தை, அங்கர் வரிசையிலிருந்து 3.3 மீற்றர் கீழ வரைக்கும் எங்கயும் தாண்டி விழ ஏலும். விழுந்தால் ஊஞ்சல் மாதிரி ஆடிச் சுவரில அடிபடுவார், கயிறு சீற் விளிம்பில அறுபடும்.

இதுக்கு வழி, இடப்பாதியில வேலை செய்யேக்க ரெண்டு கயிறும் உடம்பில. இட அங்கரிலிருந்து 4.2, அது தாவாரத்துக்கு. வல அங்கரிலிருந்து 6.0, அங்கயிருந்து இட ஓரம் 6.5 மீற்றர், அதால பக்கம் எட்டாது. வலப்பாதிக்கு மாறேக்க பிளாற்றுக்கு வந்து நிண்டு நீளங்களை மாத்துங்கோ, சீற்றில நிண்டு மாத்தக்கூடாது. கீழ் மூலைப் பனலுக்கு ஆள் எட்டமாட்டார், நீட்டுத் தடித் தூரிகையால கழுவட்டும்.

றோப் கிறாப் வழுக்கிறதுக்கு மூண்டு காரணம் பாருங்கோ. தலைகீழாப் பூட்டியிருக்கும், அம்புக்குறி அங்கர்ப் பக்கம் பார்க்கோணும். கயிறின்ர தடிப்பு பொருந்தாது, 14 மி.மீ. கயிறுக்குச் செய்ததில 11 போட்டால் பல்லு கடிக்காது. இல்லாட்டி மீன்பிடிச் சாமான் கடையில வாங்கின கயிறு, அது வழுவழு எண்டு இருக்கும், வெய்யிலில உளுத்தும் போகும். 11 மி.மீ. ஈஎன் 1891 ஏ வகைக் கயிறெண்டு பார்த்து வாங்குங்கோ. பிளாற் விளிம்பில கயிறு உரசிற இடத்துக்குத் தடிச்ச உறை.

வடமராட்சியான்

கயிறு கடற்தொழில்க் கடையில வாங்கினதுதான். இடுப்புப் பட்டி ரெண்டு கிடக்கு, ஓரத்துக்குப் போகேலாதெண்டால் அது காணும்தானே?

கயிற்றுவேலை

தம்பி, கணக்குப்படி காணும். ஆனால் பனலுக்கு நடுவில சறுக்கி, கயிறு தொய்ஞ்சிருந்தால் இடுப்புப் பட்டி நெஞ்சுக்கு ஏறி மூச்சை அடைக்கும். முழு ஹார்னஸ் (நெஞ்சையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கிற பட்டி) போடுங்கோ. தொடைப்பட்டிக்குள்ள விரிச்ச கை போகோணும், பொத்தின கை போகக்கூடாது. தையல், கொக்கி, லேபல் ஒவ்வொரு தரமும் ஏற முன்னம் பார்க்கிறது. ஒருக்கா விழுந்து இழுபட்ட ஹார்னஸ், விரிஞ்ச அப்சோபர் எல்லாம் குப்பைக்கு.

தனிய ஏறவேண்டாம். தொங்கி நிண்டால் தொடைப்பட்டி இரத்த ஓட்டத்தை அடைக்கும், சில நிமிசத்தில மயங்கலாம். தாவாரத்துக்கு எட்டிற ஏணி ஒண்டு பின்பக்கத்தில நிக்கட்டும், கீழ நிக்கிற ஆளுக்கு எப்பிடி இறக்கிறதெண்டு முதலே சொல்லி வையுங்கோ. 1990க்கு அடிச்சால் அம்புலன்ஸ் வரும், ஆனால் இறக்கிறது உங்கட வேலை.

சீற்கூரை

இன்னொண்டு. பிறேக்கரை நிப்பாட்டினாலும் வெய்யில் இருக்கும்வரை பனல் வயரில டீசி மின்னழுத்தம் இருந்துகொண்டுதான் இருக்கும். விடியக் கழுவுங்கோ, சூடான கண்ணாடியில பச்சைத்தண்ணி விட்டால் வெடிக்கவும் கூடும். ஈரச் சீற்றில சப்பாத்து றப்பர் அடி புதுசா இருக்கோணும்.

வடமராட்சியான்

சரி. நாலு போல்ற்றையும் வெட்டி, முழுத்துளை ரெண்டு, இடம் வலம் 2.5 மீற்றரில. பழைய துளைக்குப் பக்கத்தில துளைக்கலாமோ?

பீம்போல்ற்

உங்கட பழைய துளை ஓரத்திலிருந்து 8 செ.மீ., புதுசு 50 செ.மீ. இடைவெளி தாராளம். வேற இடத்திலயும் பழைய துளை ஆழத்தின்ர ரெண்டு மடங்காவது தள்ளுங்கோ. பழசைச் சுருங்காத குறவுட்டால (சீமெந்துக் கலவை) அடைச்சு விடுங்கோ, இல்லாட்டி தண்ணி இறங்கி உள்கம்பி துருப்பிடிச்சு ஊதி, பிளாற் ஓரம் வெடிக்கும். அங்கருக்குப் பக்கத்தில திகதியும் "ஒராள் மட்டும்" எண்டும் பெயின்றால எழுதுங்கோ, வருசம் ஒருக்கா நட்டையும் கீழ்த் தகட்டையும் பாருங்கோ.