பீர்க்கம்பூ நேரம் (அம்மாவோட மாடித்தோட்டம் பத்தி, எங்க வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல இருந்து)

மே 17, ஞாயிறு

அம்மா: [போட்டோ]

அம்மா: பங்குனி உத்திரத்தன்னைக்கு போட்ட வெண்டை, இன்னைக்கு 46 நாள், மொத பறிப்பு 11 காய் வந்துருக்கு பாருங்க, நுனிய ஒடிச்சா பட்டுன்னு ஒடியுது

சித்தி: அக்கா சூப்பர்க்கா!! இந்த வெயில்ல எப்புடிக்கா, இங்க தாம்பரத்துல என் பால்கனில புதினா கூட கருகிப் போச்சு

அம்மா: வெண்டைக்கு வெயில் ஒண்ணும் பண்ணாதுடி, அதுக்கு சூடு தான் வேணும். தக்காளி தான் பாவம். பூவா பூக்குது, ஒண்ணு கூட நிக்கல, காம்போட பழுத்து கீழ விழுந்துருது, காலைல கூட்டும்போது பாத்தா மனசே கேக்கல

மாமா: அக்கா தக்காளிய விடு. பகல்ல 35 டிகிரிக்கு மேல போயி ராத்திரியும் அனலா இருந்துச்சுன்னா மகரந்தமே செத்துரும், காய் எங்கிட்டு பிடிக்கும். மதுரைல இப்ப 40ல அடிக்குது. கத்திரி வெயில் 28 வரைக்கும் இருக்கு, செடிய மட்டும் காப்பாத்து. நிழல்வலை கட்டிட்டியா

அம்மா: பச்ச வலை 50 பர்சென்ட் வாங்கி போன ஞாயித்துக்கிழமை அவுக தான் கட்டுனாக. கீழ கருகுன வாழை இலை, வேப்பஞ்சருகு எல்லாம் பையில மூடாக்கு போட்டுருக்கேன், அதுக்கப்புறம் சாயங்காலம் வரைக்கும் மண்ணு ஈரமா இருக்கு

அப்பா: மாடி ஒழுகாம இருக்க ஒவ்வொரு பைக்கும் கீழ ரெண்டு செங்கல் வச்சிருக்கேன். அதையும் போட்டோ எடுத்துப் போடு.

அம்மா: [போட்டோ]

நான்: அப்பா அருமையா இருக்குப்பா. அம்மா பீர்க்கு என்னாச்சு? அம்மாச்சி பீர்க்கு?

அம்மா: அதத்தான் கேக்கணும்னு நெனச்சேன், எழுதவே வரல. அம்மாச்சி ஹார்லிக்ஸ் பாட்டில்ல சாம்பல் போட்டு வச்சிருந்த வெத, மொத்தமே 7 தான் இருந்துச்சு, எல்லாத்தையும் ராத்திரி ஊறப்போட்டு போட்டேன், 3 மொளைச்சுச்சு, ஒண்ணு வேரழுகி போச்சு ஒண்ண அணில் கடிச்சுருச்சு, இப்ப ஒத்தக்கொடி தான் நிக்குது. கொடி நல்லா பந்தல் முழுக்க ஏறிருச்சு, எல எல்லாம் உள்ளங்கை அகலம், பூ கொத்து கொத்தா மஞ்சளா வருது, ஆனா 15 நாளா ஒரு பிஞ்சு நிக்கல. சுண்டுவெரல் நீளத்துக்கு வந்து மஞ்சளாகி சூம்பி விழுந்துருது. இது போச்சுன்னா அம்மாச்சி வெத அத்தோட போச்சு

சித்தி: ஐயோ அக்கா

அண்ணன்: அம்மா அழாத. மாமா இருக்காருல்ல.

மாமா: இரு இரு. அக்கா நான் கேக்குறதுக்கு பதில் சொல்லு. பிஞ்சோட வர்ற பூவும் இருக்கா, வெறுங்காம்பு பூ மட்டும் தான் இருக்கா

அம்மா: ரெண்டும் இருக்கு. கொத்தா வர்றது வெறுங்காம்பு. ஒத்தையா வர்றதுக்கு அடியில குட்டியா வரி வரியா பிஞ்சு இருக்கு

மாமா: அப்ப செடி நல்லாத்தான் இருக்கு. கொத்தா இருக்கது ஆம்பளப்பூ, ஒத்தையா பிஞ்சோட இருக்கது பொம்பளப்பூ. வெயில் அதிகமானா ஆம்பளப்பூ தான் ஜாஸ்தி வரும். புண்ணாக்குத் தண்ணி ஊத்துறியா

அம்மா: வாரத்துக்கு ரெண்டு தடவ கடலப்புண்ணாக்கு ஊறவச்சு ஊத்துறேன்

மாமா: நிப்பாட்டு. தழைச்சத்து கூடிப்போனா எலயா தான் வரும். இனிமே சாம்பல் ஒரு கைப்பிடி தூவு, போதும். பொம்பளப்பூ விழுறதுக்கு முக்கிய காரணம் மகரந்தம் சேராதது தான். மூணாவது மாடில எந்த பூச்சி வரும்

அம்மா: தேனீ வருதுப்பா, துளசில காலைல பாக்குறேனே. நானும் விடிகாலைல ஆறு மணிக்கு பெயிண்ட் பிரஷ் வச்சு தடவிப் பாத்தேன், பூவே வதங்கித் தான் கெடக்கு, மலராமலே வதங்குதுன்னு நெனச்சேன்

சித்தி: அக்கா!!!!! காலைலயா போன???

சித்தி: அக்கா மறந்துட்டியா, அம்மா என்ன சொல்லும்? மழைக்காலத்துல இருட்டிக்கிட்டு நேரமே தெரியாதப்ப வேலிப்பக்கம் எட்டிப்பாத்து "பீர்க்கம்பூ பூத்துருச்சுடி, வெளக்கப் பொருத்துங்க"ன்னு சொல்லுமே, நம்ம வீட்ல கடிகாரமே அதான

மாமா: 👏👏 இதத்தான் சொல்ல வந்தேன். பீர்க்கு சாயங்காலம் 5 மணிக்கு மேல தான் மலரும், காலைல வதங்கிரும். பாகக்கா பறங்கிக்கா தான் காலைல. பீர்க்குக்கு ராத்திரி வர்ற அந்துப்பூச்சி தான் முக்கியம், ஊர்ல வேலில அது பாட்டுக்கு வந்து பண்ணிட்டுப் போயிரும், அதனால நம்ம யாருக்கும் தெரிஞ்சுக்க வேண்டி வரல

அம்மா: மறந்தே போச்சுடி. அம்மா அந்த கெணத்தடி வேலிகிட்ட முந்தானைய இழுத்து சொருகிட்டு நிக்கிறது கண்ணு முன்னாடி நிக்குது. நான் தான் ஓடிப் போயி திரி போடுவேன்

நான்: இத இத்தன வருசமா எங்க யாருக்குமே சொன்னதில்லையே

மாமா: அக்கா இன்னொண்ணு. எதுத்த மாடிலயும் பீர்க்கு இருக்குன்னு போன தடவ சொன்னியே, அது என்ன வெத

அம்மா: நர்சரில வாங்குன ஹைபிரிட். காய் ஒண்ணரை அடி வருது

மாமா: அப்ப வெதைக்கு விடுறதா இருந்தா அந்த மகரந்தம் இதுல கலக்கக்கூடாது. நாளைக்கு மதியம் மூணு மணிக்கு மேல போயி பாரு, அன்னைக்கு மலரப்போற மொக்கு நுனில மஞ்ச எட்டிப்பாக்கும். அந்த பொம்பள மொக்குக்கு ஒரு பேப்பர் கவர் மாட்டி நூல் கட்டு, ஆம்பள மொக்கு ரெண்டுக்கும் அதே மாரி கட்டு. ஆறு மணிக்கு ஆம்பளப்பூவ பறிச்சு இதழ உரிச்சுட்டு நடுவுல இருக்க பொடிய பொம்பளப்பூ நடுவுல மெதுவா தடவு, ரெண்டு பூவாலயும் தடவு. தடவிட்டு திரும்ப கவர் போட்டு கட்டிரு. மூணு நாள் கழிச்சு கவர எடு. பிஞ்சு பச்சையா தலை கவுந்து நின்னா பிடிச்சுருச்சுன்னு அர்த்தம்

அத்தை: மதினி கவர் இறுக்கி கட்டிறாதீங்க, காம்பு ஒடிஞ்சுரும். நான் இங்க சின்னமனூர்ல சொரக்காய்க்கு அப்புடித்தான் ஒடிச்சுட்டேன், பஞ்சு வச்சு கட்டுங்க

அம்மா: சரி மதினி

மே 18, திங்கள்

அம்மா: மணி 3.40. ஒரு பொம்பள மொக்கு இருக்கு. கட்டிட்டேன். பால் கவர் போட்டேன் சரியா

மாமா: பிளாஸ்டிக் வேணாம்க்கா வெந்துரும்!! பேப்பர். பஜ்ஜி கட்டித் தர்ற பேப்பர் மாரி

அம்மா: மாத்திட்டேன், காலண்டர் தாள்ல பொட்டலம் மடிச்சு மாட்டிருக்கேன்

அண்ணன்: எத்தன மணிக்கு மலரும்? நான் ஆபீஸ்ல இருந்து வீடியோ கால் வரேன்

அம்மா: 5.50க்கு பிரிச்சேன், கண்ணு முன்னாடியே இதழ் ஒண்ணொண்ணா வெலகுச்சு, நான் இத்தன வயசுக்கு ஒரு பூ மலர்றத உக்காந்து பாத்ததே இல்லடா. வாசம் கூட லேசா இருக்கு. தடவிட்டேன். கை நடுங்குச்சு, அவுக தான் டார்ச் புடிச்சாக. திரும்ப கட்டிட்டேன்

அப்பா: வேலை சுத்தமாக முடிந்தது. நானும் கொடியில் இன்னும் நாலு பொம்பளப்பூ மொக்கு இருப்பதைப் பார்த்தேன்.

சித்தி: அக்கா கீழ வந்து வெளக்கப் பொருத்துனியா

அம்மா: பொருத்திட்டேன்டி

மே 21, வியாழன்

அம்மா: கவர எடுத்துட்டேன். [போட்டோ]

அம்மா: பச்சையா இருக்கு. கவுந்துருக்கு. திங்கக்கிழமை சுண்டுவெரல், இன்னைக்கு நடுவெரலுக்கு மேல

நான்: அம்மாாாாா

மாமா: பிடிச்சுருச்சுக்கா. இனி விழாது. பழ ஈ குத்தாம ஒரு பழைய வேட்டித்துணில தளர்வா பை தச்சு மாட்டு. மத்த பொம்பளப்பூவுக்கு கவர் எல்லாம் வேணாம், சாயங்காலம் போயி தடவிட்டு மட்டும் வா, அது சாப்பிடுறதுக்கு

அத்தை: கண்ணு பட்டுறப்போகுது போட்டோவ ஸ்டேட்டஸ்ல போட்றாதீங்க மதினி

அம்மா: போடல மதினி. கத்தரிக்காச் செடில ஒரு நுனி மட்டும் தொங்குது, தண்ணி ஊத்தியும் நிமிரல

மாமா: உள்ள புழு இருக்கும். தொங்குற நுனிக்கு ஒரு கணுவுக்கு கீழ வெட்டி, வெட்டுனத அங்கயே போடாம சோப்புத்தண்ணில முக்கிரு. வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேத்து நல்லா கலக்கி வெயில் தாழ அடி. மதியம் அடிச்சா எல கருகிரும்

அம்மா: சரிப்பா

அண்ணன்: அம்மா இங்க பெங்களூர்ல மழை பேஞ்சு குளுகுளுன்னு இருக்கு, என் தொட்டில தக்காளி நாலு காய் பிடிச்சிருக்கு. உனக்கு மனசு கஷ்டமா இருக்கும்னு நாலு நாளா சொல்லல

அம்மா: அட கிறுக்குப்பயலே அதுக்கு ஏண்டா கஷ்டப்படப்போறேன், போட்டோ போடு

அண்ணன்: [போட்டோ]

அம்மா: குச்சி ஊனி கட்டுடா, காய் கனத்துல சாஞ்சுரும்

மே 26, செவ்வாய்

அம்மா: நேத்து ராத்திரி ஆலங்கட்டி மழை. அரை மணி நேரம் தான், ஆனா காத்து பேய்க்காத்து. நிழல்வலை ஒரு பக்கம் கிழிஞ்சுருச்சு, வெண்டை ரெண்டு சாஞ்சுருச்சு. கரெண்ட் போயிருச்சு. இருட்டுல நானும் அவுகளும் மேல ஓடி பந்தல புடிச்சுக்கிட்டே நின்னோம்

சித்தி: அக்கா இடி இடிக்கும்போது மாடிக்கு போவாகளா??? உனக்கு ஒண்ணு ஆனா நாங்க என்ன பண்ணுவோம்

மாமா: தங்கச்சி சொல்றது சரி. இனிமே அப்புடி போகாதக்கா. மொதல்லயே பந்தல்கால நாலு பக்கமும் கைப்பிடிச்சுவர்ல கம்பி போட்டு இழுத்துக் கட்டிரு. காய் இருக்கா

அம்மா: இருக்கு. வேட்டித்துணிப் பைக்குள்ள அப்புடியே இருக்கு, ஒரு சாண் தாண்டிருச்சு. காலைல வந்து தொட்டுப் பாத்துட்டு தான் காப்பியே குடிச்சேன்

நான்: நான் வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ல வரேன்மா, வலைய நானும் அப்பாவும் சேந்து தைச்சுரலாம்

மே 31, ஞாயிறு

அம்மா: கத்திரி முடிஞ்சுருச்சு. இன்னைக்கு பறிச்சது வெண்டை 23, சிறுகீரை ரெண்டு கட்டு, பச்சமொளகா ஒரு கை, பீர்க்கங்கா 2. கீரை 25 நாள்ல வந்துருச்சு, வேரோட புடுங்கிட்டு அந்தப் பையிலயே மறுபடி தூவிட்டேன்

நான்: பீர்க்கங்கா நான் தான் பறிச்சேன். தோல்ல தொவையல், உள்ள கூட்டு. சித்தி நீங்க இல்லையேன்னு இருந்துச்சு. அந்த தொவையல் வாய்ல வச்சதும் அம்மா ஒண்ணும் பேசல, எந்திரிச்சு அடுப்படிக்குள்ள போயிட்டாங்க

சித்தி: வரி ஒசந்து ஒசந்து இருக்குமே அதே காயா, நுனி லேசா வளைஞ்சு

நான்: அதே தான் சித்தி. [போட்டோ]

சித்தி: இது எங்கம்மா காய் தான்

மாமா: அக்கா அந்த வெதக்காய் எப்புடி இருக்கு

அம்மா: செவப்புத்துணி கட்டிவிட்டுருக்கேன், யாரும் தெரியாம பறிச்சுறக்கூடாதுன்னு. முத்த ஆரம்பிச்சுருச்சு, பளபளப்பு போயி கட்டியாயிருச்சு

மாமா: கொடிலயே காயட்டும். பழுப்பா மாறி, ஆட்டுனா உள்ள கலகலன்னு சத்தம் வரணும், அதுவரைக்கும் தொடாத. இன்னும் ஒண்ணரை மாசம் ஆகும், ஆடி பொறக்கவும் சரியா இருக்கும். மழை பேஞ்சா மட்டும் நனையாம பாத்துக்க, உள்ளயே மொளை விட்டுரும்

அண்ணன்: எனக்கு எத்தன வெத

சித்தி: எனக்கு 5 வேணும், பால்கனி கிரில்ல ஏத்திவிடுவேன்

மாமா: எனக்கு 10 குடு. வயல் வேலில போட்டுருறேன், அங்க அந்துப்பூச்சிக்கு கொறச்சல் இல்ல. இனிமே ஒரே எடத்துல வைக்கக்கூடாதுக்கா, நாலு வீட்ல இருக்கணும்

அம்மா: ஒரு காய்ல நூறு கிட்ட இருக்கும்பா, எல்லாருக்கும் தரேன். ஆனா ஆளுக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் சாம்பலோட எடுத்து வைங்க, பாட்டில் இல்லாம வந்தா தரமாட்டேன்

சித்தி: சாம்பலுக்கு நான் எங்கிட்டுக்கா போவேன் அபார்ட்மெண்ட்ல

அத்தை: நான் வெறகு அடுப்புச் சாம்பல் சலிச்சு கொண்டாரேன் எல்லாருக்கும்

சித்தி: அக்கா மணி 5.55 ஆச்சு, பூத்துருச்சா

அம்மா: இந்தா மாடிப்படில தான் ஏறிக்கிட்டு இருக்கேன்

அம்மா: அஞ்சு பூத்துருக்கு, ஒண்ணு பொம்பளப்பூ. போன வைக்கிறேன்டி, கை வேணும்