ஒரே கேலக்ஸி மூன்று இடத்தில்

ராஜேந்திரன்: (ஃபார்வர்டு) விண்வெளிப் படத்தில் மோசடி!! ஒரே கேலக்ஸியை மூன்று இடத்தில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அனைவருக்கும் பகிரவும்.

ராஜேந்திரன்: ராதா, நிலா வெள்ளிக்கிழமை பள்ளியில் பேசப்போவது இந்தப் படத்தை வைத்துத்தானே? வேறு தலைப்பு எடுக்கச் சொல்.

ராதா: அப்பா, அவள் எல்லாம் எழுதி முடித்துவிட்டாள்.

விஜயா அத்தை: எனக்குப் படம் திறக்கவே இல்லை

நிலா: கவிதா சித்தி எங்கே???

முரளி: வருவாள். பத்தி பத்தியாக வரும், பொறுமையாக இருங்கள்.

கவிதா: பெரியப்பா, அது மோசடி இல்லை. படத்தில் இருப்பது மேக்ஸ் 0647-ஜேடி. 2012-இல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களில் கிடைத்தது, பிறகு ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியும் பார்த்தது. பெருவெடிப்பு நடந்து 50 கோடி ஆண்டுகூட ஆகாத காலத்துக் கேலக்ஸி. அதற்கும் நமக்கும் நடுவில் ஒரு பெரிய கேலக்ஸிக் கொத்து இருக்கிறது. அதன் நிறையில் பெரும்பகுதி கரும்பொருள், அதாவது ஒளி விடாத, கண்ணுக்குத் தெரியாத பொருள். அந்த நிறை சுற்றியுள்ள வெளியையே வளைத்துவிடுவதால், பின்னாலிருந்து வரும் ஒளி மூன்று வழிகளில் நம்மிடம் வந்து சேர்கிறது. இதற்குப் பெயர் ஈர்ப்பு லென்ஸ். கண்ணாடி டம்ளரின் அடிப்பாகம் வழியே ஒரு விளக்கைப் பாருங்கள், சுடர் இரண்டு மூன்றாகத் தெரியும். மூன்றில் ஒரு பிம்பம் சுமார் 8 மடங்கு பிரகாசமாகி வருகிறது, மங்கலானது 2 மடங்கு.

முரளி: சொன்னேனா

விஜயா அத்தை: அது சரி, அப்பாவின் பைனாகுலர் இப்போது யாரிடம் இருக்கிறது?

கணேசன்: அண்ணனிடம்தான். வீடு மாறியபோது போனது.

ராஜேந்திரன்: அப்பாவே என் கையில் கொடுத்தது, கணேசா.

கணேசன்: சரி அண்ணா.

விஜயா அத்தை: நீ இப்படியே எல்லாவற்றுக்கும் சரி சொல்லு

ராதா: அத்தை, இங்கே வேண்டாம்.

ராஜேந்திரன்: கவிதா, ஒரு கேள்வி. மூன்றும் ஒன்றேதான் என்று எப்படித் தெரியும்? மூன்று வேறு கேலக்ஸிகளாக ஏன் இருக்கக் கூடாது?

கவிதா: நல்ல கேள்வி பெரியப்பா! முதலில் நிறம். அந்தக் காலத்து ஹைட்ரஜன் வாயு, 1216 ஆங்ஸ்ட்ராம் என்ற புற ஊதா அலைநீளத்துக்கும் குறைந்த ஒளியை விழுங்கிவிடும். பிரபஞ்சம் விரிவதால் அந்த எல்லை நீண்டு நீண்டு அகச்சிவப்புக்குப் போய்விட்டது. அதனால் மூன்று பிம்பங்களும் தொலைநோக்கியின் ஒரே நிற வடிகட்டிகளில் தெரிகின்றன, ஒரே வடிகட்டிகளில் காணாமல் போகின்றன. அப்புறம் இடம். கொத்தின் நிறையை வைத்துக் கணக்குப் போட்டால், இவ்வளவு தூரத்துப் பொருளின் பிம்பங்கள் எங்கே விழும் என்று வரும். அது படத்தோடு ஒத்துப்போகிறது. அருகில் உள்ள பொருள் என்றால் வேறு இடங்களில் விழுந்திருக்கும். நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறலாம். 2022-இல் செம்பெயர்ச்சி (ஒளி எவ்வளவு நீண்டிருக்கிறது என்ற அளவு, கூடினால் தூரமும் கூடும்) 16 இருக்கும் என்று பரபரப்பான ஒரு கேலக்ஸி, ஒளியை அலைநீளம் வாரியாகப் பிரித்து நிறமாலை எடுத்ததும் 4.9 ஆகிவிட்டது. ஆக, ஃபார்வர்டில் மோசடி என்று சொல்லும் அந்த மூன்று பிம்பங்கள்தான் உண்மைக்கே சாட்சி.

நிலா: இதை அப்படியே எழுதிக்கொள்கிறேன்

முரளி: இதுதான் எல்லாவற்றிலும் தூரமா?

கவிதா: இல்லை. எம்ஓஎம்-இசட்14 இன்னும் முந்தையது, பெருவெடிப்புக்குப் பின் 28 கோடி ஆண்டு. அதைப் பார்க்க இப்படி ஒரு கொத்தின் உதவி தேவைப்படவில்லை, அதுவே பிரகாசமானது. ஈர்ப்பு லென்ஸ் காட்டுவது சின்னச் சின்னக் கேலக்ஸிகளை. 2024-இல் காஸ்மிக் ஜெம்ஸ் என்ற ஒளிவில்லில் (லென்ஸால் வில்லாக நீண்டு தெரியும் கேலக்ஸி), பெருவெடிப்புக்குப் பின் 46 கோடி ஆண்டில் இருந்த விண்மீன் கொத்துகளையே தனித்தனியாகப் பார்த்தார்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

விஜயா அத்தை: 👍 படம் இப்போது திறந்தது. மூன்று எங்கே? எனக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை

ராஜேந்திரன்: அனுப்பியவரிடம் கேட்டுவிட்டு அழிக்கிறேன்.

ராதா: அப்பா, மற்ற குழுக்களிலும் போட்டிருக்கிறீர்கள்.

நிலா: சித்தி, மூன்றையும் முதலிலேயே வட்டம் போட்டுக் காட்டவா, கடைசியில் காட்டவா?

கவிதா: முதலிலேயே.

முரளி: கடைசியில்!

ராஜேந்திரன்: பேச்சு எத்தனை மணிக்கு?

ராதா: இன்னும் சொல்லவில்லை அப்பா.