சேடில் பேக்குக்குத் தனி லைனர் வாங்கணுமா, ரெயின் கவரே போதுமா?

கொங்கு_350:
கிளாசிக் 350 வண்டிக்கு ஒரு ஜோடி துணி சேடில் பேக் (சீட்டுக்கு ரெண்டு பக்கமும் தொங்குற பை) இருக்கு, பக்கத்துக்கு 25 லிட்டர். ரெயின் கவர் பையோடவே வந்தது. ஜூலையில ஆழியாறு வழியா வால்பாறை, ரெண்டு ராத்திரி தங்கல். தென்மேற்குப் பருவமழை, 40 கொண்டை ஊசி, நனையாம போக வழியில்லை. கடையில கழற்றி எடுக்குற லைனர், அதாவது சேடில் பேக்குக்குள்ள வைக்கிற உள்பை, ஜோடி 1,800 ரூபாய் சொல்றாங்க. உள்ள போறது துணிமணி, சார்ஜர், ஒரு சின்ன கேமரா. வாங்கலாமா, இல்ல தண்டச் செலவா?

மழைவாசி:
வாங்குங்க ப்ரோ. ரெயின் கவர் மேலிருந்து விழுற மழைக்குத்தான். பின் சக்கரம் வாரி அடிக்கிற சேத்துத் தண்ணிக்கு அதால ஒண்ணும் ஆகாது. கவரை மாட்டிட்டுக் குனிஞ்சு பாருங்க, பையோட முதுகு, அதாவது சாரி கார்டை ஒட்டுற பக்கம், திறந்தே கிடக்கும். சீட்டுக்கு அடியில போற பட்டைக்கு வழி விடணுமே, அதனால மூட முடியாது. அந்தப் பட்டையும் சும்மா இருக்காது, நனைஞ்ச திரி மாதிரி தண்ணியை உறிஞ்சி பைக்குள்ள இறக்கும்.

இன்னொண்ணு. உள்ள போன தண்ணி கவரோட அடியில கிண்ணம் மாதிரி தேங்கும். பை அதுல ஊறிக்கிட்டே வரும். மழை நின்ன பிறகும் ஊறும், கவர் போட்டிருக்கோம்னு நாம திறந்துகூடப் பார்க்க மாட்டோம். 70, 80-ல போனா காத்து புகுந்து பலூன் மாதிரி உப்பும். எலாஸ்டிக் தளர்ந்த கவர்னா கழண்டு செயின்ல சிக்கவும் செய்யும்.

இரட்டைமுடிச்சு:
ரெயின் கவர் பத்திச் சொன்னதெல்லாம் சரி. அதுக்காக லைனருக்கு 1,800 எதுக்கு? பாலிதீன் கடைக்குப் போய் 400 கேஜ் பை கேளுங்க. 4 கேஜ் ஒரு மைக்ரான், அப்போ 100 மைக்ரான் கனம். கிலோ கணக்குல தருவான், நாலு பை எடுத்தாலும் ஒரு டீ, வடைக் காசுதான். உரச் சாக்குக்கு உள்ள வர்ற உறையும் கனமா நல்லாத்தான் இருக்கும். ஆனா யூரியா ஒட்டியிருந்தா அதுவே ஈரத்தை இழுக்கும், கேமரா பக்கம் கொண்டுபோகாதீங்க.

பை உயரம் சேடில் பேக்கை விட ஒரு முழமாவது கூட இருக்கணும். சாமானை வைங்க, மேல உட்கார்ற மாதிரி அமுக்கிக் காத்தை வெளியேத்துங்க. வாயை இறுக்கி முறுக்குங்க, முறுக்கினதை அப்படியே மடக்கிக் கீழ்ப்பக்கம் பார்க்க வைங்க. பழைய சைக்கிள் டியூபை ஒரு விரல் அகலத்துக்கு வளையமா நறுக்கி அதைப் போட்டு இறுக்குங்க. மடக்காம வெறுமனே முடிச்சுப் போட்டா தண்ணி முறுக்கு வழியா இறங்கும். தப்பு நடக்குறது எல்லாம் இந்த இடத்துலதான். பழியை பை மேல போடுவாங்க.

மழைவாசி:
அந்த முறுக்கை மழையில, கையுறையோட, ஒரு நாளைக்கு எத்தனை தடவை பிரிச்சுக் கட்டுவீங்க? அதோட ஒத்தை சிலிண்டர் வண்டி. அதிர்வுல சாமான் ஓயாம உராயும். ஜிப் நுனி, சார்ஜர் பின், பெல்ட் பக்கிள் எல்லாம் பாலிதீன்ல ஊசி ஓட்டை போடும். ராத்திரிதான் தெரியும்.

லைனரோட உண்மையான லாபம் மழையே இல்ல. லாட்ஜ் வாசல்ல வண்டியை நிறுத்தி, சேறு அப்பின பையை வண்டியிலயே விட்டுட்டு, சுத்தமான உள்பையை மட்டும் கைப்பிடியில தூக்கிட்டு மாடிக்குப் போகலாம். காலையில அதே மாதிரி உள்ள இறக்கினா வேலை முடிஞ்சது. சேடில் பேக்கைப் பட்டையெல்லாம் அவிழ்த்துக் கழற்றி மறுபடி மாட்டி, ரெண்டு பக்கமும் ஒரே உயரம் வர இழுத்துக் கட்டுற வேலையை நினைச்சுப் பாருங்க.

இரட்டைமுடிச்சு:
துணிப் பையை ராத்திரி வண்டியிலயே விடறதா? பிளாஸ்டிக் பக்கிள் நாலு, பூட்டு கிடையாது. காலையில லைனர் உங்க அறையில பத்திரமா இருக்கும், சேடில் பேக் இருக்காது. நீங்க சொல்ற வசதி பூட்டோட வர்ற அலுமினியப் பெட்டிக்குப் பொருந்தும். அங்க நானும் லைனர் வாங்குன்னுதான் சொல்வேன். அலுமினியம் உராய்ஞ்சு கரி மாதிரி கறுப்புத் தூள் துணியில ஏறும், துவைச்சாலும் லேசுல போகாது.

இட நஷ்டத்தையும் யாரும் கணக்குல எடுக்க மாட்டேங்கிறாங்க. பை அடிப்பக்கம் 40-க்கு 20 செ.மீ., உயரம் 30 செ.மீ.னு வைங்க, 24 லிட்டர். சுருட்டி மூடுற வாய்னா குறைஞ்சது மூணு சுருட்டு வேணும். அந்தச் சுருள் மேல 4 செ.மீ. உயரத்துக்குப் படுத்துக்கிடக்கும். 40 × 20 × 4, அதுவே 3.2 லிட்டர். ஒரு ஜோடி செருப்பும் துண்டும் வைக்கிற இடம். வட்ட அடியுள்ள உருளைப் பையைச் சதுர மூலைப் பைக்குள்ள திணிச்சா இன்னும் மோசம், ஐந்துல ஒரு பங்கு மூலைகளில வீண்.

ஊசிநூல்:
இருவரும் லைனர் என்ற சொல்லை வைத்துச் சண்டை போடுகிறீர்கள். அந்த 1,800 ரூபாய்ப் பொருள் எதனால் ஆனது என்று யாரும் கேட்கவில்லை. கொங்கு, கடையில் அதைப் புறம் திருப்பித் தையலைப் பாருங்கள்.

தைத்த பை என்றால் தையலுக்குத் தையல் சுமார் 3 மி.மீ. அதாவது ஒரு மீட்டர் தையலில் முந்நூறுக்கு மேல் ஊசி ஓட்டைகள். துணி எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் தண்ணீர் அந்த ஓட்டைகள் வழியாகத்தான் வரும். உள்ளே அதன் மேல் டேப் ஒட்டியிருக்க வேண்டும். மூலையில் மூன்று தையல் சேரும் இடத்தில் டேப் மடிந்தோ தூக்கியோ இருந்தால் வாங்காதீர்கள். சூட்டில் உருக்கி ஒட்டிய பையில் நூலே இருக்காது, அந்தக் கவலையும் இல்லை.

அடுத்தது பூச்சு. நைலான் துணியின் உள்பக்கம் மெல்லிய பி.யு. (பாலியூரிதேன்) பூச்சு இருந்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் சில வருடங்களில் பிசுபிசுத்து, ஒரு புளிப்பு வாடையோடு செதில் செதிலாக உரியும். ஈரத்தோடு மடித்து அலமாரியில் வைத்தால் இன்னும் சீக்கிரம். தார்ப்பாய் மாதிரியான பி.வி.சி. உராய்வைத் தாங்கும், ஆனால் கனம். கடுங்குளிரில் விறைக்கும் என்பதால் லடாக் போகிறவர்கள் யோசிக்க வேண்டும், வால்பாறைக்கு அது பிரச்சினையே இல்லை. டி.பி.யு. (சூட்டில் உருகி ஒட்டும் பாலியூரிதேன் வகை) பூச்சு இரண்டையும் விட மேல், விலையும் மேல்.

வாங்கிய அன்றே சோதிக்கலாம். இரண்டு லிட்டர் தண்ணீரை உள்ளே ஊற்றி, வாயைப் பிடித்துக் கொடிக்கம்பியில் கால் மணி நேரம் தொங்கவிடுங்கள். கீழே பழைய செய்தித்தாளை விரித்தால் சொட்டு விழுந்த இடம் தெரிந்துவிடும். பிறகு நன்றாக உலர்த்தி, இருட்டறையில் டார்ச்சை உள்ளே விட்டுப் பாருங்கள். ஊசி முனை ஓட்டையும் நட்சத்திரம் மாதிரி மின்னும். துணி கறுப்பாகக் கனமாக இருந்தால் இந்த டார்ச் வேலை இன்னும் சுலபம்.

கொங்கு_350:
கடைக்குப் போய்ப் பார்த்துட்டு வந்துட்டேன் அண்ணா. உள்ள நூல் நல்லாவே தெரியுது, டேப் எதுவும் இல்ல. வாய்ல சுருட்டு கிடையாது, ரெண்டு விரல் அகலத்துக்கு வெல்க்ரோ. அடி மட்டும் சதுரமா, பைக்குள்ள அம்சமா உட்காருது.

ஊசிநூல்:
அது லைனர் இல்லை தம்பி, லைனிங். துணியைத் தூக்கிக்கொண்டு போக உதவும். வெல்க்ரோ வாய் மழையைத் தடுக்காது, முள்ளுக்கும் பஞ்சுக்கும் நடுவில் தண்ணீர் தாராளமாகப் போகும்.

இரட்டைமுடிச்சு:
1,800 ரூபாய்க்கு மஞ்சப்பை!

மழைவாசி:
அதை வாங்கச் சொல்லி நானும் சொல்லல. சுருட்டு வாய், ஒட்டின மூட்டு, சதுர அடி. இந்த மூணும் இருந்தா மட்டும்தான் காசு கொடுக்கலாம். உள்பக்கம் வெளிர் நிறமா இருந்தா நல்லது, கறுப்புக் குழிக்குள்ள கறுப்புச் சார்ஜரைத் தேடுறது கொடுமை. லைனர் சரியா இருந்தா ரெயின் கவரைத் தூக்கிப் போட்டுடலாம்.

ஊசிநூல்:
தூக்கிப் போட வேண்டாம். லைனர் உள்ளே இருப்பதைத்தான் காக்கும், வெளிப்பையைக் காக்காது. வெளிப்பையின் நுரைப் பஞ்சு தண்ணீர் குடித்தால் பை கனத்துத் தொங்கும். உங்கள் வண்டியில் வலப்பக்கம் சைலன்சர். காலியாக இருக்கும்போது நாலு விரல் இடைவெளி இருந்ததே என்று நினைப்போம், பை நனைந்து குழிகளில் குதித்து இறங்கும்போது அது இரண்டு விரல் ஆகும். நைலான் உருகி ஒட்டினால் குரோமில் கறுப்புத் தழும்பு, பையின் அடியில் ஓட்டை. கனமானதை இடப்பக்கம் வையுங்கள், வலப்பக்கப் பட்டையை ஒரு துளை கூடவே இழுத்துக் கட்டுங்கள்.

வெளிப்பையின் அடியில் ஒரு வடிகால் ஓட்டை வேண்டும், கவரைப் போட்டால் அதன் அடிப்புள்ளியிலும் ஒன்று வேண்டும். மழைவாசி சொன்ன கிண்ணம் அப்போது கிண்ணமாக இருக்காது.

இரட்டைமுடிச்சு:
ஓட்டை போட்டா சக்கரத் தண்ணி அது வழியா ஏறாதா?

மழைவாசி:
ஏறும், இறங்கவும் செய்யும். ஓட்டை இல்லாத பையில ஏறினது இறங்காது. ஓட்டை போடணும்னா உள்ள இருக்கிற பை நம்பகமா இருக்கணும், அதுக்குத்தான் லைனர்னு சொல்றேன்.

இரட்டைமுடிச்சு:
பாலிதீன் இருந்தாலும் அதே கணக்குத்தான். ஆனா ஒண்ணு ஒத்துக்கறேன், அடி உராய்வு நிஜம். பை அடியில பழைய ரப்பர் மிதியடியை அளவா நறுக்கிப் போடுங்க, ஸ்பேனர் மாதிரி கூரானது எதுவும் பாலிதீனுக்குள்ள வேண்டாம். ஒண்ணுக்குள்ள ஒண்ணா ரெண்டு பை, தனித்தனியா முறுக்கு. கேமராவுக்கு மட்டும் இந்த ஏற்பாட்டை நானும் நம்ப மாட்டேன். ஆழியாறு தாண்டினா புலிகள் காப்பகம், கிழிஞ்ச பாலிதீனை அங்க எங்கயும் போட்டுட்டு வராதீங்க, மடிச்சுத் திரும்பக் கொண்டு வந்துடுங்க.

ஊசிநூல்:
இரண்டுக்கும் பொதுவான ஒரு தவறு: நனைந்த சட்டையையும் உலர்ந்த சட்டையையும் ஒரே பைக்குள் போட்டு மூடுவது. தண்ணீர் உள்ளே வராத பையிலிருந்து ஈரம் வெளியேயும் போகாது. மறுநாள் எல்லாமே நனைந்த நாய் வாடை அடிக்கும். ஈரத்துணிக்குத் தனிப் பை. மழைக்கோட்டும் பஞ்சர் சாமானும் லைனருக்கு வெளியே, மேலே இருக்கட்டும். கொட்டும் மழையில் மழைக்கோட்டுக்காக லைனரைத் திறந்தால் எல்லாம் வீண்.

கிழிந்தால் பஞ்சர் சொல்யூஷன் பி.வி.சி.யிலும் டி.பி.யு.விலும் நிற்காது, இரண்டு நாளில் உரியும். பி.வி.சி.க்கு வினைல் பசை, டி.பி.யு.வுக்கு பி.யு. பசை. ஒட்டுத் துணியின் மூலைகளை வட்டமாக நறுக்குங்கள், கூர் மூலைதான் முதலில் தூக்கும்.

கொங்கு_350:
சரி, அந்த வெல்க்ரோ பை வேணாம். துணிக்கு 400 கேஜ் பாலிதீன், ரெண்டடுக்கு. கேமராவுக்கும் சார்ஜருக்கும் மட்டும் ஒட்டின மூட்டோட ஒரே ஒரு சின்ன சுருட்டு வாய்ப் பை, இடப்பக்கம். கவர் மேல இருக்கட்டும். வடிகால் ஓட்டை எந்த மூலையில போடணும்?

மழைவாசி:
ஒண்ணு வாங்கினா ரெண்டாவதும் வாங்குவீங்க, பாருங்க.

இரட்டைமுடிச்சு:
பாலிதீன் மிச்சம் ஆகும், அதையும் பாருங்க.

ஊசிநூல்:
வண்டியைச் சைடு ஸ்டாண்டில் போட்டு, பையில் வழக்கமான சாமானை வைத்து மாட்டிவிட்டுப் பாருங்கள். வண்டி இடப்பக்கம் சாய்வதால் இடது பையில் வெளி ஓரம் தாழும், வலது பையில் சக்கரத்தை ஒட்டிய உள் ஓரம் தாழும். தாழும் இடத்தில் சாக்பீஸால் குறி வையுங்கள். வலப்பக்கக் குறி சைலன்சருக்கு நேர் மேலே விழுந்தால் அதற்கு மேல் வராதபடி தள்ளி வையுங்கள், இல்லையென்றால் சேற்றுத் தண்ணீர் சூட்டில் சொட்டிக் கறை பிடிக்கும். செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்தால் 6 மி.மீ. பித்தளை ஐலெட் (ஓட்டையின் ஓரத்தைக் காக்கும் வளையம்) அடித்துத் தருவார். கவரில் அடிக்கும்போது மட்டும் பின்னால் ஒரு சின்ன ரெக்ஸின் துண்டு வைக்கச் சொல்லுங்கள், அந்த மெல்லிய துணி தனியாக ஐலெட்டைத் தாங்காது.