அம்மாவுக்கு எஸ்சிடலோபிராம்: தொடர்வதா, நிறுத்துவதா?

கம்பம் பையன்:
வணக்கம். அம்மாவுக்கு 66 வயது. சத்துணவுக் கூடத்தில் சமையலராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் அப்பா தவறியதிலிருந்து தூக்கமே இல்லை. விடியக்காலை மூணு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, நெஞ்சு படபடக்குது என்பார். ஈசிஜி, தைராய்டு எல்லாம் பார்த்தாச்சு, ஒண்ணும் இல்லை. கடைசியில் தேனியில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனேன். மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்திருக்கு என்று, காலையில் எஸ்சிடலோபிராம் 5 மி.கி., இரவில் குளோனசிபாம் 0.25 மி.கி. எழுதினார். ஒரு வாரம் போனதும் காலை மாத்திரையை 10 மி.கி. ஆக்கச் சொன்னார். இரவு மாத்திரை இரண்டு வாரத்துக்கு மட்டும்.

இப்போ மூணாவது வாரம். தூக்கம் பரவாயில்லை. ஆனால் நாலு நாளாகக் குமட்டல், தலைவலி, நடந்தால் தள்ளாட்டம். நேற்று இன்னிக்கு என்ன கிழமை என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பக்கத்து வீட்டு அத்தை, "அது கிறுக்குக்குக் கொடுக்கிற மாத்திரை, மூளையை மழுக்கிடும், தூக்கிப் போடு" என்கிறார். டாக்டர் எங்க பக்கம் வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவார். நிறுத்திடலாமா? அம்மா பல வருஷமாகப் பிரஷர் மாத்திரை எடுக்கிறார். மூட்டுவலிக்கு அவ்வப்போது வலி மாத்திரையும் உண்டு.

காலைநடை:
நிறுத்திடுங்க சகோ. ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விடமுடியாது. காலையில் அரை மணி நேரம் நடக்கச் சொல்லுங்க, மூச்சுப்பயிற்சி செய்யச் சொல்லுங்க. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்க. தலைவலி, குமட்டல் எல்லாம் சூடுதான்.

மருந்தகத்து அக்கா:
தம்பி, மற்றதை அப்புறம் பேசலாம். முதலில் இன்றைக்கே அம்மாவுக்கு இரத்தத்தில் சோடியம் பார்த்துவிடுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.

நான் அரசு மருத்துவமனை மருந்தகத்தில் மருந்து கொடுப்பவள். எஸ்சிடலோபிராம் ஆரம்பித்த முதல் ஒன்றிரண்டு வாரத்தில் குமட்டல், இலேசான தலைவலி, கொஞ்சம் கூடுதலான படபடப்பு எல்லாம் பலருக்கும் வரும், தானாகவே குறையும். அதோடு நின்றிருந்தால் "சாப்பிட்ட பிறகு கொடுங்க, பொறுத்துக்குங்க" என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். கிழமை குழம்புவதும் தள்ளாடுவதும் அந்தக் கணக்கில் சேராது.

இந்த வகை மாத்திரைகள் சிலருக்கு, அதுவும் வயதான பெண்களுக்கு, உடம்பிலுள்ள தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். அதனால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 135 முதல் 145 வரை இருக்கவேண்டியது இறங்க இறங்கத் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், குழப்பம் என்று வரிசையாக வரும். ரொம்ப இறங்கினால் வலிப்பு கூட வரலாம். பெரும்பாலும் முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும்.

இப்போது பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் 'எச்' என்ற எழுத்து இருக்கிறதா? அல்லது பின்பக்கம் பொடி எழுத்தில் ஹைட்ரோகுளோரோதையசைடு, குளோர்தாலிடோன் என்று போட்டிருக்கிறதா? அது சிறுநீர் போகவைக்கிற மருந்து. தன் பங்குக்கு அதுவும் சோடியத்தைக் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் இறக்கம் வேகமாகிவிடும். எங்கள் ஜன்னலுக்கு வரும் பெரியவர்கள் மஞ்சப்பையில் வெட்டின அட்டைகளைக் கொட்டுவார்கள். பெயர் இருந்த பக்கம் கத்தரியோடு போயிருக்கும், மிச்சம் இரண்டு மாத்திரை கிடக்கும். அதை வைத்து எந்த டாக்டர் என்ன கண்டுபிடிப்பார்? நீங்கள் போகும்போது முழு அட்டைகளையும் சீட்டுகளையும் கொண்டுபோங்கள்.

இரவு மாத்திரை நின்றுவிட்டதா என்றும் பாருங்கள். இரண்டு வாரம் என்று எழுதினால் இரண்டு வாரம்தான். வயதானவர்களை அது தள்ளாடவைக்கும், விழுந்தால் இடுப்பெலும்பு போகும். சில வாரங்களுக்கு மேல் தொடர்ந்து சாப்பிட்டால் அதை விடுவது கஷ்டம். அதை நினைத்துக்கொண்டு எல்லா மாத்திரையையும் அடிமையாக்கும் என்று ஊர் சொல்கிறது.

வலி மாத்திரை எது? டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் என்றால் எஸ்சிடலோபிராமோடு சேர்ந்து வயிற்றில் இரத்தக்கசிவு உண்டாகும் வாய்ப்பைக் கூட்டும். டிரமடால் இன்னும் கெடுதல், சேர்க்கவே வேண்டாம். பாரசிட்டமால் போதும்.

காலைநடை அண்ணா, நடப்பது நல்லதுதான், நானும் எல்லோருக்கும் சொல்வேன். ஆனால் தள்ளாடுகிற அம்மாவை இன்று நடக்கவிடக்கூடாது. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னால் சோடியம் இன்னும் இறங்கும். தயவுசெய்து அதை இங்கே எழுதாதீர்கள். உப்புக் கரைசல் என்று வீட்டு வைத்தியமும் வேண்டாம் தம்பி.

டாக்டர் வரும் நாளுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். நாளைக் காலை மாத்திரை கொடுப்பதா வேண்டாமா என்பதை அவர்கள் சொல்லட்டும்.

வகுப்பறை:
அக்கா சொன்னதை முதலில் செய்யுங்கள். பயத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். நான் பள்ளி ஆசிரியை, இதே வகையைச் சேர்ந்த செர்ட்ராலின் மாத்திரை எடுத்தவள். குக்கர் விசில் அடித்தாலே எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். மாத்திரை தொடங்கிச் சில வாரங்களுக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. ஒரு நாள் விசில் வந்தது, கரண்டியைக் கீழே வைக்காமல் கிளறிக்கொண்டே இருந்தேன். குணமான பிறகும் ஆறு மாதத்துக்கு மேல் தொடரச் சொன்னார் டாக்டர். அப்புறம் படிப்படியாகக் குறைத்து விடவைத்தார். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றும், மண்டைக்குள் கரண்ட் அடித்தமாதிரி வெட்டும், அதனால்தான் அந்த நிதானம். இப்போது மாத்திரை இல்லை. மூளை மழுங்கவும் இல்லை, பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன்.

கம்பம் பையன்:
அக்கா, அட்டையில் 'எச்' இருக்கு. அம்மாவை இப்பவே கூட்டிட்டுப் போறேன்.

கம்பம் பையன்:
சோடியம் 124. வார்டில் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றவேண்டும் என்று சொல்லி ஏற்றினார்கள். எஸ்சிடலோபிராமையும் 'எச்' மாத்திரையையும் நிறுத்தியாச்சு, பிரஷருக்கு வேற மாத்திரை. நேற்று அளவு 134, அம்மா தெளிவாகப் பேசுகிறார். மனநல மருத்துவர் மனச்சோர்வுக்கே மிர்டாசபின் என்ற வேற மாத்திரை 7.5 மி.கி. இரவில் தொடங்கலாம் என்கிறார். அம்மாதான் மறுபடி மாத்திரையா என்று பயப்படுகிறார். அத்தை வேற தினமும் வந்துபோகிறார்.

மருந்தகத்து அக்கா:
நல்லவேளை தம்பி. மிர்டாசபினில் சோடியம் இறங்குவது குறைவு, ஆனாலும் தொடங்கின பிறகு ஒரு தடவை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தூக்கம் நன்றாக வரும், பசி எடுக்கும், எடை கொஞ்சம் ஏறலாம். ராத்திரி எழுந்தால் சட்டென்று நிற்கவேண்டாம், கட்டிலில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள்.

அம்மாவிடம் மாத்திரையே கெட்டது என்று சொல்லாதீர்கள். அந்த மாத்திரை உங்களுக்கு ஒத்துக்கவில்லை, அவ்வளவுதான் என்று சொல்லுங்கள். அப்பாவைப் பற்றிப் பேச அம்மாவுக்கு யாராவது இருக்கிறார்களா? இல்லையென்றால் 14416-ல் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசிச் சேவை இருக்கிறது. இரவும் பகலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அத்தைக்கும் அந்த எண்ணைக் கொடுங்கள், சந்தேகம் இருந்தால் அவரும் கேட்கட்டும்.

பழைய அட்டைகளை இன்றைக்கே வீட்டிலிருந்து அப்புறப்படுத்திவிடுங்கள். பிரஷர் மாத்திரை தீர்ந்தால் மெடிக்கலில் பழைய சீட்டைக் காட்டி மறுபடி 'எச்' வாங்கிவிடாதபடி, அந்தச் சீட்டில் குறுக்கே கோடு போட்டுவிடுங்கள்.